அனுமதி கேட்காத கோட்டை

தமிழில் தெரேசா என்றால் முதலில் ஞாபகம் வருகிறவர் கல்கத்தா தெரேசா (1910-1997). கத்தோலிக்க வீடுகளின் சுவர்களில் இன்னொருவரும் உண்டு: சிலுவையையும் ரோஜாக்களையும் சேர்த்து அணைத்து நிற்கும் லிஸ்யூ தெரேசா (1873-1897), சிறுமலர் என்று அழைக்கப்படுகிறவர். முன்னவர் தம் துறவுப் பெயரைப் பின்னவரிடமிருந்து எடுத்துக்கொண்டார். பின்னவரோ, மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் ஸ்பெயினில் வேறொரு தெரேசா சீர்திருத்தி அமைத்த கார்மல் மடத்தில் போய்ச் சேர்ந்தவர். அந்த மூத்தவர், அவிலா ஊர்த் தெரேசா (1515-1582), நம்மிடையே பெயராகவே நின்றுவிட்டார். அவரைப் படிப்பவர்கள் குறைவு.

நான் கத்தோலிக்கன் அல்ல. ஒரு புனிதையைப் பற்றி இந்தப் பக்கங்களில் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில், அவர் ஒரு பெரிய உரைநடைக்காரர் என்பது. ஆலிஸன் பீயர்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பில் படிக்கும்போதுகூட, எதிரே உட்கார்ந்து பேசுகிற ஒருத்தியின் குரல் கேட்கிறது. சொல்லிக்கொண்டே போய், விட்டதை நினைத்துத் திரும்பி வந்து, எங்கே நிறுத்தினேன் என்று தன்னையே கேட்டுக்கொள்கிற குரல். ஆனால் நான் எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அவரைப் பற்றிய பிரபலமான இரண்டு சித்திரங்கள் அவரை இரண்டாக வெட்டி ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டிருக்கின்றன. அந்த வெட்டு நமக்கும் பழக்கமான வெட்டு.

முதல் சித்திரம் பெர்னினியுடையது. ரோமில் ஸாந்தா மரியா தெல்லா விட்டோரியா கோயிலில் 1647-க்கும் 1652-க்கும் இடையில் அவர் செய்த சலவைக்கல் சிற்பம். தேவதூதன் ஒருவன் அம்பை ஓங்கி நிற்கிறான். தெரேசா கண்மூடி, வாய் திறந்து, மேகத்தின் மேல் சரிந்து கிடக்கிறார். இது தெரேசா தம் சுயசரிதையில் எழுதிய ஒரு அனுபவம்தான். பெர்னினி பொய் சொல்லவில்லை. ஆனால் சிற்பத்தின் இரு பக்கமும், நாடகக் கொட்டகையின் பால்கனிகள் போலச் செதுக்கிய இடங்களில், செலவு செய்த கோர்னாரோ குடும்பத்துப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பெண்ணின் ஜெபம் கனவான்களுக்குக் காட்சியாகிவிட்டது. அந்தச் சிற்பத்தில் தெரேசாவின் ஒரு பாதம் வெறுமையாகத் தொங்குகிறது. அவர் அமைத்த சபைக்குக் காலணி துறந்த கார்மல் சபை என்று பெயர். அவர் செய்த சீர்திருத்தத்தில் பெர்னினியின் கல்லில் மிஞ்சியது அந்தப் பாதம் மட்டும்தான்.

இரண்டாவது சித்திரம் ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்குத் தெரிந்தது. ஜார்ஜ் எலியட் 'மிடில்மார்ச்' நாவலுக்கு (1871-72) எழுதிய முன்னுரையில் தெரேசா வருகிறார். குழந்தைப் பருவத்தில், மூர்களின் நாட்டுக்குப் போய் வேதசாட்சியாக உயிர்விட வேண்டும் என்று தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு புறப்பட்ட சிறுமி. அந்த வேகம் பிற்பாடு ஒரு துறவு சபையைச் சீர்திருத்துவதில் தன் காவியத்தைக் கண்டது என்கிறார் எலியட். அவருடைய துயரம், பின்னால் பிறந்த தெரேசாக்களுக்கு அப்படி ஒரு காவியம் வாய்க்கவில்லை என்பது. டொரதியா குடியானவர்களுக்கு நல்ல வீடுகள் கட்டத் திட்டம் போடுகிறாள். அவளுக்குக் கிடைப்பது ஒரு உதவாக்கரைப் பண்டிதன். மகத்தான நாவல். ஆனால் எலியட் நம்பிக்கையை இழந்தவர். ஸ்ட்ராஸையும் ஃபாயர்பாகையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். தெரேசாவின் ஜெபம் அவருக்கு வெறும் எரிபொருள். எதில் போட்டாலும் எரிந்திருக்கும். அந்தக் காலத்தில் மடத்தில் போட்டார்கள், அவ்வளவுதான்.

ஆக பெர்னினியிடம் ஜெபம் இருக்கிறது, சீர்திருத்தம் இல்லை. எலியட்டிடம் சீர்திருத்தம் இருக்கிறது, ஜெபம் இல்லை. வள்ளலாரை நாம் படிக்கிற லட்சணமும் இதுதான். காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் பாடம் கேட்டவர் என்பதால் எங்கள் ஊருக்கு அவரிடம் கொஞ்சம் உரிமை உண்டு. அருட்பாவை உருகிப் பாடுகிற கூட்டம் ஒன்று. 1867-இல் வடலூரில் தருமசாலை தொடங்கியதை மேடையில் சொல்கிற கூட்டம் இன்னொன்று. இரண்டும் ஒருவர் செய்தது எப்படி என்ற கேள்வியை இரண்டு கூட்டமும் எழுப்புவதில்லை.

தெரேசா விஷயத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்.

அவருடைய தாத்தா டொலெடோவில் பட்டும் கம்பளியும் விற்ற யூத வம்சத்து வியாபாரி. கிறிஸ்தவராக மாறியவர். ரகசியமாகப் பழைய மதத்தை அனுசரித்தார் என்பதற்காக 1485-இல் விசாரணை மன்றத்தின் முன் பிராயச்சித்தம் செய்தவர். குடும்பம் அவிலாவுக்குக் குடிபெயர்ந்து, வழக்காடி, கனவான் அந்தஸ்தை வாங்கிக்கொண்டது. அன்றைய ஸ்பெயினில் ரத்தச் சுத்தம் என்பது ஒரு சமூகச் சட்டம். யார் பழைய கிறிஸ்தவன், யார் புதியவன் என்று தோண்டிப் பார்ப்பது ஒரு தொழிலாகவே நடந்தது. இதைத் தமிழனுக்கு விளக்க வேண்டியதில்லை.

1535-இல் தெரேசா சேர்ந்த அவதார மடம் (என்கார்நாஸியோன்) வெளியுலகின் நகல். நூற்றுக்கு மேல் கன்னிமார். பணக்கார வீட்டுப் பெண்களுக்குத் தனி அறைகள், வேலைக்காரிகள், பெயருக்கு முன்னால் 'தோன்யா' என்ற பட்டம். ஏழைகளுக்குப் பொதுக்கூடத்தில் படுக்கை. பேச வருகிற பிரமுகர்களால் மடத்துக்கு வருமானம் என்பதால் வரவேற்பறை எப்போதும் நிறைந்திருந்தது. கிட்டத்தட்ட இருபது வருஷம் அங்கே ஜெபிக்க முடியாமல் ஜெபித்ததைத் தெரேசா ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஜெப நேரம் எப்போது முடியும் என்று மணியடிக்கக் காத்திருந்த நாட்களையும் சொல்கிறார்.

1562 ஆகஸ்ட் 24-இல் அவிலாவில் ஒரு சிறிய வீட்டில் புனித சூசையப்பர் மடத்தைத் தொடங்கினார். உச்சவரம்பு பதின்மூன்று பெண்கள். தோன்யா கிடையாது. நிரந்தர வருமானம் தரும் சொத்து கிடையாது. பிச்சையும் ராட்டையில் நூற்கும் நூலும்தான். மூத்தவள் முதற்கொண்டு எல்லோரும் முறை வைத்துப் பெருக்க வேண்டும், சமைக்க வேண்டும். ஊர் கொதித்தது. நகரசபை வழக்குப் போட்டது. பதின்மூன்று பெண்கள் ஒரு வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டதற்கு ஒரு நகரசபை ஏன் பயப்பட வேண்டும்? சொத்தில்லாத மடம் ஊருக்குப் பாரம் என்பது சொன்ன காரணம். குலப்பெருமையைக் கதவுக்கு வெளியே நிறுத்திய ஒரு வீடு ஊர் நடுவில் இருப்பது அந்தப் பெருமையில் வாழ்கிறவர்களுக்கு உறுத்தாமல் இருக்காது என்பது என் ஊகம்.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்தச் சட்டதிட்டங்கள் ஒவ்வொன்றும் இருபது வருஷ ஜெபத் தோல்வியிலிருந்து வந்தவை என்பது. தோன்யா என்று தன்னைக் கூப்பிடக் கேட்கிறவளால் தன்னை மறக்க முடியாது. புரவலர் வரும் நாளில் மௌனம் நிற்காது. ஆகவே பட்டத்தை எடுத்தார், புரவலரை எடுத்தார். சமூக சமத்துவம் ஒரு கொள்கையாக அவருக்குத் தோன்றியிருக்குமா என்பது சந்தேகம். ஜெபிப்பதற்கு என்ன வேண்டும் என்று பார்த்துக்கொண்டே போனார்; அது அவரை அங்கே கொண்டுபோய் விட்டது.

ஜெபம் என்று அவர் சொன்னதும் அன்றைக்கு ஒரு ஆபத்தான சரக்கு. 1559-இல் விசாரணைத் தலைவர் வால்தேஸ் வெளியிட்ட தடைப்பட்டியல், தாய்மொழியில் இருந்த ஜெபநூல்கள் பலவற்றை எடுத்துக்கொண்டது. லத்தீன் தெரியாத பெண்களுக்கு மிச்சம் வாய்ப்பாடமான மந்திரங்கள்தான். உள்ளுக்குள் மௌனமாகக் கடவுளோடு பேசுவது பெண்களுக்கு உகந்ததல்ல, மதத்துரோகத்துக்கு வழி என்று இறையியலாளர்கள் பலர் சொன்னார்கள். அந்தச் சூழ்நிலையில்தான் 1577 ஜூன் 2-இல் டொலெடோவில் 'அகக்கோட்டை'யைத் தொடங்குகிறார். அவருடைய சீர்திருத்தத்தை நசுக்க எல்லா ஏற்பாடும் நடந்துகொண்டிருந்த நேரம். நவம்பர் 29-இல் அவிலாவில் முடிக்கிறார். டிசம்பர் 2 இரவு, அவருடைய கூட்டாளியான சிலுவை யோவானை எதிர்த்தரப்பினர் பிடித்துக்கொண்டு போய்ச் சிறைவைத்தார்கள்.

ஆன்மா பளிங்குக் கோட்டை, அதில் ஏழு வரிசை மாளிகைகள், நடுவில் ராஜா. இதைக் கேட்டதும் கோயில் நகரத்துக்காரனுக்குப் பிராகாரங்களும் கருவறையும் ஞாபகம் வரும். ஏழு பிராகாரம் உள்ள ஸ்ரீரங்கத்தைச் சொல்லிவிட்டு, எல்லா ஞானமும் ஒன்றே என்று கட்டுரையை முடித்துவிடலாம். இந்தச் சுலபமான ஒப்பீட்டை நான் நம்பவில்லை. நம் பிராகாரங்களில் யார் எதுவரை வரலாம் என்பது பிறப்பிலேயே தீர்மானமாகியிருந்தது. 1939-இல் மதுரையில் நடந்த ஆலயப் பிரவேசத்தைக் காப்பதற்குச் சட்டம் வேண்டியிருந்தது. தெரேசாவின் மாளிகைகள் வரிசையாகக்கூட இல்லை. குருத்தை மூடியிருக்கும் மட்டைகள் போலச் சுற்றிச் சுற்றி இருப்பவை என்கிறார். நூலின் முடிவுரையில் தம் கன்னியர்களிடம் ஒரு விஷயம் சொல்கிறார்: உங்கள் மடத்தில் உலாவ இடம் போதாது, ஆனால் இந்தக் கோட்டைக்குள் எந்த நேரமும் நுழைந்து உலாவலாம், அதற்கு மேலதிகாரியின் அனுமதி தேவையில்லை. நுழைவதற்கான சக்தி தன்னுடையதல்ல, ராஜா கொடுப்பது என்பதையும் சேர்த்துக்கொள்கிறார். அடுக்களைக்கும் தோட்டத்துக்கும் போக அனுமதி கேட்ட பெண்களுக்கு இதை எழுதினார் என்பதை நினைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

அவர் ஜெபம் என்று சொன்னது இந்த அனுமதி கேட்காத பிரவேசத்தைத்தான். சீர்திருத்தம் அந்தப் பிரவேசத்துக்குக் குறுக்கே கிடப்பவற்றை அப்புறப்படுத்துவது. இரண்டையும் பிரித்து வைத்தால் இரண்டுமே அர்த்தமிழந்து போகும்.

ஐந்தாம் மாளிகையில் வருகிற பட்டுப்புழு உவமை எங்கள் ஊருக்கு நேராகப் பேசுவது. கடுகளவு முட்டையிலிருந்து புழு வருகிறது. முசுக்கொட்டை இலை தின்று வளர்கிறது. தன் உடம்பிலிருந்தே நூலெடுத்துக் கூடு கட்டி அதற்குள் செத்து, வெள்ளைப் பட்டாம்பூச்சியாக வெளியே வருகிறது. ஆன்மா அப்படித் தன் வீட்டைத் தானே கட்டி அதற்குள் சாக வேண்டும். இதைத் தான் கண்ணால் பார்த்ததில்லை, கேள்விப்பட்டதுதான், தப்பிருந்தால் பொறுப்பு தன்னுடையதல்ல என்று ஒரு வார்த்தையும் சொல்லிவைக்கிறார். பட்டு விற்றவரின் பேத்தி! காஞ்சிபுரத்திலும் நிலைமை அதுதான். கர்நாடகத்திலிருந்து வருவது நூல். பாவு ஓட்டி, சாயம் போட்டு, கோர்வை சேர்த்து வாழ்நாள் முழுவதும் நெய்கிறவர்களிலும் புழுவைப் பார்த்தவர்கள் அதிகம் இல்லை.

ஆனால் ஒரு உண்மை இங்கே எல்லோருக்கும் தெரியும். பட்டாம்பூச்சி வெளியே வந்தால் பட்டு இல்லை. பூச்சி கூட்டைத் துளைத்துக்கொண்டு வரும்போது, ஆயிரம் மீட்டர் நீளம்கூட ஒரே இழையாக வரக்கூடிய நூல் துண்டு துண்டாகிவிடும். அதனால் கூட்டுக்குள் இருக்கும்போதே ஆவியில் கொன்றுவிடுகிறார்கள். காஞ்சி மடத்துச் சந்திரசேகரேந்திர சரஸ்வதி பட்டைத் தவிர்க்கச் சொன்னது இதனால்தான். நூல் வேண்டுமென்றால் பூச்சி இல்லை, பூச்சி வேண்டுமென்றால் நூல் இல்லை என்பது இந்தத் தொழிலின் கணக்கு. இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் பெர்னினி பூச்சியை எடுத்துக்கொண்டார், எலியட் நூலை எடுத்துக்கொண்டார் என்று சொல்லிவிடலாம்.

தெரேசாவின் உவமை இன்னும் கொஞ்சம் போகிறது. வெளியே வந்த பட்டாம்பூச்சிக்கு உட்கார இடம் தெரியவில்லை, அமைதியில்லாமல் அலைகிறது, மற்ற ஆன்மாக்களுக்காக வித்தை விட்டுப் போகிறது. ஏழாம் மாளிகையில் அந்தப் பூச்சியும் செத்துப்போகிறது. பட்டு வளர்ப்பவர்களும் எல்லாக் கூட்டையும் அவிப்பதில்லை. வித்துக்கென்று சில கூடுகளை ஒதுக்கி வைப்பார்கள். அவற்றிலிருந்து நல்ல நூல் கிடைக்காது. ஆனால் அந்தப் பூச்சிகள் முட்டையிடாவிட்டால் அடுத்த போகத்துக்குப் புழு இல்லை, தறிக்கு நூல் இல்லை. தெரேசா ஜெபத்துக்குக் கேட்ட இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: கணக்கில் நஷ்டமாகத் தெரிகிற, அடுத்த வரிசை முழுவதும் எதிலிருந்து வருகிறதோ அந்த ஒதுக்கப்பட்ட கூடு. அவர் மறைவதற்குள் பெண்களுக்கு மட்டும் பதினேழு மடங்கள் தொடங்கப்பட்டிருந்தன. நிற்காமல் மடம் மடமாகப் போய்க்கொண்டிருந்த அவரைப் போப்பின் தூதர் ஸேகா, ஊர் சுற்றுகிற அடங்காத பெண் என்று 1578-இல் ஏசினார்.

அந்த மடங்களைப் பற்றி நானூற்றுக்கு மேற்பட்ட கடிதங்கள் மிஞ்சியிருக்கின்றன. பாங்க்கில் வேலை பார்ப்பவனுக்கு அவை சுவாரஸ்யமானவை. வீட்டுக் கிரயம், வட்டி, வரதட்சணைப் பாக்கி, வில்லங்கம். பரவச நிலைகளை எழுதிய அதே கை, கூச்சமில்லாமல் பேரம் பேசுகிறது. 1569-இல் டொலெடோவில் ஒரு வியாபாரிக் குடும்பத்தின் பணத்தில் மடம் தொடங்கினார். அந்தக் கோயிலில் வியாபாரிகளைப் புதைப்பதா என்று பிரபுக்கள் ஆட்சேபித்தார்கள். தெரேசா வியாபாரிகள் பக்கம் நின்றார்.

இந்தக் கணக்கில் கறையும் உண்டு. பக்தர்கள் அதைச் சொல்வதில்லை. முதல் மடத்துக்கு வேளையில் வந்து உதவிய பணம் க்விட்டோவில் இருந்த சகோதரர் லொரென்ஸோ அனுப்பியது. தெரேசாவின் சகோதரர்கள் அமெரிக்காவைப் பிடிக்கப் போன ஸ்பானியப் படையோடு போனவர்கள். சொத்தே வேண்டாம் என்ற வீட்டின் அஸ்திவாரத்தில் இன்னொரு ஜனத்தின் சொத்து இருந்தது. அந்த ஜனத்தின் ஆன்மாக்களுக்காகத் தெரேசா அழுதிருக்கிறார். அவர்களுடைய நிலத்தையும் வெள்ளியையும் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை. அவருடைய வாசலில் அந்தஸ்து நின்றது, சாம்ராஜ்யம் உள்ளே வந்துவிட்டது. இதையும் சேர்த்துத்தான் அவரை முன்மாதிரி என்று சொல்ல வேண்டும்.

நம் பக்கம் வந்தது என்ன? கேரளத்தில் சாவறா குரியாக்கோஸ் எலியாஸ் (1805-1871) இந்தப் பரம்பரையின் நேரான வாரிசு. 1831-இல் மான்னானத்தில் தொடங்கிய அவர்களுடைய சபை கார்மல் சபையோடு இணைந்தது. 1846-இல் அங்கே ஸம்ஸ்கிருதப் பள்ளியும் அச்சகமும். கோயிலுக்குக் கோயில் பள்ளிக்கூடம் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அவரே மலையாளத்தில் 'ஆத்மானுதாபம்' என்ற நீண்ட மனஸ்தாபக் கவிதையும் எழுதினார். 2014-இல் புனிதரானார். அவருக்கும் நேர்ந்தது அதே வெட்டு: கல்வி வரலாற்றில் பள்ளிக்கூடங்கள், பக்தி வட்டாரத்தில் கவிதை.

தமிழ்நாட்டில் இன்னும் மோசம். வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கோயில், வெள்ளாளரும் நாடாரும் ஒருவரையொருவர் பாராமல் ஒரே பீடத்தைப் பார்க்கும்படி இரண்டு கைகளாகக் கட்டப்பட்டது. நடுவில் சுவர். 1910-இல்தான் சுவர் இடிந்தது. அந்த இரண்டு கைகளிலும் ஜெபம் இருந்தது. மனமுருகிய ஜெபமாகவே இருந்திருக்கும். அதே வடக்கன்குளத்தில் 1745-இல் ஞானஸ்நானம் பெற்று, 1752-இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம், 2022 மே 15-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். எல்லா ஜாதியாரோடும் ஒன்றாகப் பழகியவர் என்பதும் அவர் செய்த குற்றங்களில் ஒன்று. அவரைப் புனிதராக்கும்போது, வற்புறுத்தலுக்குப் பிறகு, பெயரின் பின்னால் இருந்த 'பிள்ளை'யை ரோம் எடுத்துவிட்டது. தெரேசா 1562-இல் பதின்மூன்று பெண்களின் பெயருக்கு முன்னால் இருந்ததை எடுத்ததும் இதே காரியம்தான்.

1970-இல் ரோம் தெரேசாவைத் திருச்சபையின் வேதபாரகர் என்று அறிவித்தது. அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண். இதனால் அவர் பத்திரமாகிவிட்டார் என்றே நினைக்கிறேன். பட்டங்களை எடுத்தவருக்குப் பட்டம் கொடுப்பது ஒரு வகை அடக்கம். ஏழாம் மாளிகை வரை போனவர் அங்கே கேட்பது வேலையைத்தான். பரவசம் எதற்கு என்றால் செயலுக்கு, மார்த்தாளும் மரியாளும் சேர்ந்தேதான் ஆண்டவருக்கு விருந்து வைக்க வேண்டும் என்கிறார்.

நாம் பக்திக் கவிதையைப் பற்றி எழுதும்போது அனுபவத்தின் உக்கிரம், தரிசனத்தின் ஆழம் என்றெல்லாம் எழுதி நிறுத்திக்கொள்கிறோம். சமூகப் பார்வை உள்ளவர்கள் அந்த அனுபவத்தைப் பொய்ப் பிரக்ஞை என்று தள்ளிவிட்டு, யார் எந்தச் சுவரை இடித்தார் என்று மட்டும் கணக்கெடுக்கிறார்கள். தெரேசாவைப் படித்த பிறகு இரண்டுமே சோம்பேறித்தனமாகப் படுகிறது. ஒரு ஜெபத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், அது பிறந்த வீட்டில் யார் பெருக்கினார்கள், யார் யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், யாருடைய பணம் வந்தது என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். சுவரை இடித்தவனைப் பற்றிப் பேசுகிறவர்கள், இடிக்கிற தைரியம் அவனுக்கு எந்த அறைக்குள்ளிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். விமர்சனத்துக்கு இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்கிற வேலை பாக்கி இருக்கிறது.